கயிற்றுக்கு இந்தப் பக்கம்

பூமயிலின் வண்டியை விற்றுவிடலாம் என்று அவளைத் தவிர ஊரே முடிவு செய்துவிட்டது. பெற்ற தாய் பிச்சையம்மாள், கூடப்பிறந்த அண்ணன் பாண்டீஸ்வரன், எதிர்வீட்டுக்காரர்கள், நண்டுக் கம்பெனியில் தராசு பிடிக்கிறவர், ஏன், மண்டபம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவந்த முன்பின் தெரியாத ஒரு பெண்மணி வரை எல்லாருக்கும் அதில் ஒரே கருத்து. "இனிமே எதுக்கும்மா ஒனக்கு பைக்கு?" இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போனது. ஆரம்பத்தில் விளக்கம் சொன்னாள். அப்புறம் யார் கேட்டாலும் "ஓட்டுறதுக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாள்.

அது டர்ட் பைக். மண்ணிலும் மேட்டிலும் ஓடுவதற்கென்றே செய்த வண்டி. உயரமாக, ஒல்லியாக, டயர் முழுக்கக் கட்டை கட்டையாக முள் வைத்து இருக்கும். ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு அந்த வண்டி எதற்கு என்று வாங்கிய நாளிலேயே பேசியவர்கள் உண்டு. பேசியவர்களில் ஒருத்தராவது நண்டுக் கூடையைத் தலையில் சுமந்து மணலில் நடந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார். புதுமடத்துக் கரையில் நண்டு வலை வள்ளங்கள் ஒதுங்குகிற இடத்துக்கு ரோடு கிடையாது. ஆட்டோ புதையும், மொபெட் புதையும். பூமயில் மட்டும் மணலைக் கிழித்துக்கொண்டு போய், கரையிலேயே நண்டை வாங்கி, அதற்கு உயிர் போவதற்குள் மண்டபத்தில் இருக்கும் கம்பெனியில் சேர்த்துவிடுவாள். செத்த நண்டைக் கம்பெனிக்காரன் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். வண்டி இருந்தால் அவள் வியாபாரி. இல்லாவிட்டால் அதே கம்பெனியில் வரிசையில் உட்கார்ந்து நண்டு உடைக்கிற கூலி. அது ஒன்றும் சின்ன வித்தியாசம் இல்லை.

போன வருஷம் உச்சிப்புளி ரோட்டில் ஒரு சுற்றுலா வேன் சிக்னல் போடாமல் திரும்பியது. தப்பு முழுக்க வேன்காரன் மேல். பிளேட்டும் ஸ்க்ரூவும் ஏறியது பூமயிலின் வலது கணுக்காலில். இப்போது அவள் நடக்கலாம், படி ஏறலாம், கோபம் வந்தால் கதவை உதைக்கவும் செய்யலாம். பாதத்தைக் கீழே அழுத்த மட்டும் முடியாது. பைக்கின் பின்பிரேக் இருப்பதோ வலது பாதத்துக்கு அடியில். முன்சக்கரத்தில் இருந்தது பழைய டிரம் பிரேக். பிடித்தால் வண்டி கொஞ்சம் யோசித்து, நிற்கலாமா வேண்டாமா என்று பார்த்து, மனசிருந்தால்தான் நிற்கும். போதாக்குறைக்கு, கடல்காற்று பட்டு, முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கின் குழாய்கள் அரித்து ஆயில் கசிந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் மடார் மடாரென்று கையில் அடித்தது.

பாண்டீஸ்வரன் கெட்டவன் இல்லை. அதுதான் பெரிய தொந்தரவு. கெட்டவனாக இருந்திருந்தால் நன்றாக நாலு ஏச்சு ஏசிவிட்டுத் தன் பாட்டுக்குப் போயிருப்பாள். சொந்த வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன். அய்யா இறந்தபிறகு அவளை ஆளாக்கியவன். விபத்தன்று அவளை ரோட்டிலிருந்து அள்ளித் தூக்கியவனும் அவன்தான். அன்றிலிருந்து எங்கே பைக் சத்தம் கேட்டாலும் அவனுக்கு மூஞ்சி வெளுத்துவிடும். வண்டி வாங்கியபோது அவளுக்கு லைசென்ஸ் வந்திருக்கவில்லை, அதனால் ஆர்.சி. புக்கில் இருந்தது அண்ணன் பேர். அவன் ஒரு கையெழுத்துப் போட்டால் வண்டி போய்விடும்.

அவனிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. கடற்கரையில் இரும்புச் சாமான் வைத்திருக்கிற எல்லாருக்கும் உள்ளதுதான், இவனுக்குக் கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. உப்புக் காற்றுக்கு இரும்பு தாங்காது என்று, எஞ்சினில் வடித்த பழைய ஆயிலில் டீசலைக் கலந்து ஒரு துணியை ஊறப்போட்டு வைத்திருப்பான். விடிந்ததும் அந்தத் துணியோடு வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு. நங்கூரம், எஞ்சின், கிணற்று உருளை, கதவுக் கீல், எதிர்வீட்டுக்காரர் சைக்கிள், எதுவும் தப்பாது. ஒருநாள் பிச்சையம்மாளின் பாக்குவெட்டிக்கும் தடவிவிட்டான். "ஏலே, என் வாயென்ன ஓட்டை எஞ்சினாலே?" என்று அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஏசிய ஏச்சு மூன்றாம் தெரு வரை கேட்டது.

இப்படியிருக்கையில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "தவ்ஃபீக்கு வண்டியக் கேக்குறான். பெருநா கழிச்சு வந்து எடுத்துக்கிர்றேன்னுட்டான்."

தவ்ஃபீக் புதுமடத்துப் பையன், துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். கரையில் வண்டி ஓட்டி வீடியோ எடுக்க வேண்டுமென்று அவனுக்கு ஆசை.

"விக்கிறேன்னு நான் சொல்லலையே" என்றாள் பூமயில்.

"பிரேக்கு பிடிக்க முடியாத வண்டிய வச்சு என்ன செய்யப்போற? பொட்டு வச்சுக் கும்புடப் போறியா?"

"பிரேக்கு பிடிச்சா?"

"எந்தக் காலால?"

அவளுக்குச் சுருக்கென்றது. அம்மாவே "ஏலே பாண்டி" என்று அதட்டினாள். பூமயில் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எந்தக் காலாலயோ, எந்தக் கையாலயோ. பிடிச்சா விக்க மாட்டேன்னு சொல்லு. தைரியம் இருந்தாச் சொல்லு."

அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, "மேட்டுல இருந்து எறங்கி ரோட்டுக்கு முன்னால நிறுத்து" என்றான். "நங்கூரக் கயித்தக் குறுக்க போடுறேன். கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னுட்டா நான் அந்த வண்டியப் பத்திப் பேசவே மாட்டேன். தாண்டுனா அங்கனயே கையெழுத்து. சரியா?"

"சரி."

மேடு என்பது அவர்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மணல்மேடு. வீட்டுப் பக்கம் கால் புதையும் மணல். மறுபக்கம் சரளை கொட்டி இறுகிப்போன சரிவு, நேராகக் கீழே போய் ராமேஸ்வரம் ரோட்டில் முட்டும். பஸ்ஸும் லாரியும் வேனும் ஓயாத ரோடு. கரைக்குப் போய்த் திரும்பும்போது தினமும் அவள் இறங்கவேண்டிய வழி அது. அண்ணன் வேண்டுமென்றே கஷ்டமான இடத்தைச் சொல்லவில்லை என்பது அவளுக்கும் தெரியும். அங்கே நிற்காத வண்டி எங்கேயும் உதவாது.

மறுநாளே வண்டியை மினிவேனில் ஏற்றி உச்சிப்புளிக்குக் கொண்டுபோய், மெக்கானிக் வாவு முகம்மதுவின் பட்டறையில் நிறுத்தினாள். வாவு பாய் அதைச் சுற்றி வந்து பார்த்தார். பின்பிரேக்கை இடது கைக்குக் கேபிள் போட்டு இழுத்துப் பார்த்தார்கள்; கிளட்சும் அதே கையில் இருந்ததால் இரண்டும் சேர்ந்து குழப்பியடித்தது.

"கால் பிரேக்கு போச்சுன்னா முன் பிரேக்கத்தான் நம்பணும்" என்றார் வாவு பாய். "டிரம்ம நம்ப முடியாது, சக்கரத்தோட சுத்துற தட்டு, டிஸ்க்கு வேணும். டிஸ்க்கப் பிடிக்கிற கேலிப்பர மாட்டுறதுக்கு இந்த ஃபோர்க்குல எடமே இல்லம்மா. அப்ப ஃபோர்க்கோட மாத்தணும். பெரிய ரோதன."

"ரோதனைக்கு நான் ரெடி பாய்."

இராமநாதபுரம் காயலான் கடைகளில் இருவரும் அலையோ அலையென்று அலைந்தார்கள். கடைசியில் ஒரு கடையின் மூலையில், பின்பக்கம் நசுங்கிச் செத்த ஒரு பெரிய வண்டி சாய்ந்து கிடந்தது. முன்பக்கம் கீறல்கூட இல்லை. தடித்த ஃபோர்க், சக்கரம், டிஸ்க், கேலிப்பர், கைப்பிடி லீவர் வரை அப்படியே இருந்தது. பூமயில் அந்த ஃபோர்க்கைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். சத்தமில்லாமல் இறங்கி, சத்தமில்லாமல் எழுந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி அது உடனே பொருந்திவிடவில்லை. வண்டியின் கழுத்து பெரிசு, புது ஃபோர்க்கின் தண்டு சின்னது. மண்டபத்தில் விசைப்படகுகளுக்குத் தண்டு கடைகிற லேத் பட்டறையில் ஒரு வளையம் கடைந்து நடுவில் இறக்கினார்கள். ஃபோர்க் நீளம் அதிகமென்று குழாய்களைப் பிடிப்பான்களில் மேலே ஏற்றி வைத்தார்கள். பிரேக் ஹோஸ் ஹேண்டில் திரும்பும்போது இழுத்தது, அதை மாற்றினார்கள். போல்ட் ஒவ்வொன்றையும் வாவு பாய் அவளையே முடுக்கவைத்தார். "ஒன் உசுரு இதுல தொங்குது, நீயே முடுக்கு. அப்பத்தான் பயமில்லாம ஏறுவ" என்றார்.

பிரேக் ஆயில் ஊற்றிக் காற்று எடுக்கிற வேலையும் அவளுக்குத்தான். லீவரை அழுத்தி அழுத்திப் பிடிக்க, கீழே அவர் திருகைத் திறந்து மூட, குமிழ் குமிழாகக் காற்று வெளியே வந்தது. முதலில் பஞ்சு மாதிரி அமுங்கிய லீவர் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, ஒரு கட்டத்தில் கல்லாக நின்றது. "வந்துருச்சு பாய்!" என்று அவள் கத்தியதில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஆட்டம் போடாத" என்றார் வாவு பாய். "பொதமணல்ல முன்பிரேக்கத் தொடவே தொடாத, தலகுப்புறத் தள்ளிரும். கெட்டித் தரையில மட்டும், ரெண்டு வெரலால, பதமா. மிச்சத்த கியர் கொறச்சுப் பிடி."

அதைத்தான் அவள் பழகினாள். பெருநாள் வரும்வரை, பட்டறைக்குப் பின்னாலிருந்த காய்ந்த பொட்டலில், விழுந்தும் எழுந்தும் பழகினாள். வெறும் முன்பிரேக்கில் வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்துகிற அளவுக்குக் கை பழகிவிட்டது. வீட்டில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. பந்தயத்துக்கு முந்தின நாள்தான் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். பாண்டீஸ்வரன் அந்தத் தடித்த ஃபோர்க்கையும் பளபளவென்றிருந்த டிஸ்க்கையும் பார்த்தான். அவள் உள்ளே போனபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

பெருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலை. தவ்ஃபீக் பெருநாள் சட்டையோடு வந்து ரோட்டோரம் நின்றான். வாவு பாயும் பிச்சையம்மாளும்கூட வந்திருந்தார்கள். பாண்டீஸ்வரன் நங்கூரக் கயிற்றைச் சரிவின் அடியில், தார்ரோட்டுக்குச் சற்று முன்னால் குறுக்கே போட்டு இரண்டு முனையிலும் கல் வைத்தான். பூமயில் வாசலில் வண்டியைக் கிளப்பி, புதைமணலில் கால்களை விரித்துக்கொண்டு மேடேறினாள். மணல் என்பதால் பிரேக்கைத் தொடவில்லை. உச்சியில் போய் நின்றபோது ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ரோடு. கீழே நாலு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'பாருங்க, நல்லாப் பாருங்க' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இறங்கினாள்.

பாதிச் சரிவில் கியரைக் குறைத்தாள். இரண்டு விரலால் லீவரைப் பிடித்தாள். லீவர் கல்லாக இருந்தது. சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றியது. இன்னும் இறுக்கினாள். முழுக் கையாலும் இறுக்கினாள். ம்ஹூம். புகை மட்டும் வந்தது. கயிறு சக்கரத்துக்கடியில் போய்விட்டது, ரோட்டில் ஒரு அரசு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, பூமயில் ஹேண்டிலை ஒடித்து ஓரத்துக் கருவேலம் புதருக்குள் வண்டியோடு போய் விழுந்தாள்.

முதலில் ஓடிவந்தவன் பாண்டீஸ்வரன். முள்ளையெல்லாம் வெறுங்கையால் விலக்கி அவளை வெளியே இழுத்தான். கை காலெல்லாம் கீறல், மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும்தான் அவனுக்குக் குரலே வந்தது.

"போதும். இதோட போதும். தவ்ஃபீக்கு, பேப்பர எடுப்பா."

"அண்ணே, மொதல்ல அக்கா தண்ணி குடிக்கட்டும்ணே" என்றான் தவ்ஃபீக்.

பூமயில் யாரையும் பார்க்கவில்லை. புதருக்குள் சாய்ந்து கிடந்த வண்டியிடம் நொண்டிக்கொண்டு போனாள். லீவரில் குறையில்லை, ஹோஸில் குறையில்லை. ஓரத்தில் விரல் வைத்து டிஸ்க்கைத் தொட்டாள். வழுக்கியது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். டீசலும் கரிந்த ஆயிலும் கலந்த வாசம். அம்மாவின் பாக்குவெட்டியில் அடித்த அதே வாசம்.

மெதுவாகத் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அந்த விரலை நீட்டிக் காட்டினாள்.

"என்னண்ணே இது?"

பாண்டீஸ்வரனுக்கு முதலில் புரியவில்லை. "காலையில பாத்தேன்" என்றான். "புதுச் சாமான். ஒரே ராத்திரியில அந்தத் தட்டு செவசெவன்னு துரு ஏறிக் கெடந்துச்சு. நீ அம்புட்டுப் பாடுபட்டுக் கொண்டாந்தது... மனசு கேக்கல. லேசா ஒரு தடவு தடவுனேன்."

"அட கிறுக்குப் பயலே!" என்று வாவு பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "டிஸ்க்குல எண்ணெ தடவுனா பிரேக்கு எப்பிடிலே பிடிக்கும்? ஒரு தடவ பிரேக்க அமுக்குனா அந்தத் துரு தன்னால போயிரும்லே!"

பாண்டீஸ்வரன் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான். வந்த பஸ்ஸும் அதன் ஹாரனும் இப்போதுதான் அவன் காதில் விழுந்தது போலிருந்தது. பிச்சையம்மாள் அழுதுகொண்டே அவன் முதுகில் ரெண்டு போட்டாள்.

"சரி, தப்பு எம்மேலதான்" என்றான் அவன் தலைகுனிந்தபடி. "ஆனாலும் வேணாம் பூமயிலு. இன்னக்கி எண்ணெ. நாளைக்கி வேற ஒண்ணு. ரோட்டுல கெடந்த ஒன்னய அள்ளுனது நானு. இன்னொருவாட்டி என்னால அள்ள முடியாது."

அவன் பயம் அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. பாவமாகவும் இருந்தது. ஆனால் பாவம் பார்த்து வண்டியைத் தூக்கிக் கொடுக்க முடியுமா?

"ரெண்டு தடவ ஒன் வள்ளம் கவுந்துச்சு" என்றாள். "ராத்திரி பூரா நானும் அம்மாவும் கரையில நின்னோம். நீ விடிஞ்சு வந்த, சாப்புட்ட, மறுநா கடலுக்குப் போயிட்ட. ஒன்னய யாரும் கயிறு போட்டு நிறுத்துனோமா? வள்ளத்த விக்கத்தான் ஆள் பிடிச்சோமா? எனக்கு மட்டும் என்னண்ணே கயிறு?"

அவள் வண்டியைப் புதருக்குள்ளிருந்து இழுத்தாள். தவ்ஃபீக் வந்து ஒரு கை கொடுத்தான். டேங்க்கிலிருந்து பெட்ரோல் பிடித்து டிஸ்க்கைத் துடைத்தாள். துணி கறுத்ததும் வேறு துணி, அதுவும் கறுத்ததும் இன்னொன்று. வாவு பாய் கேலிப்பரைக் கழற்றிப் பிரேக் கட்டைகளையும் ஒரு உப்புத்தாளையும் கொடுத்தார். வழவழப்புப் போய்ச் சொரசொரப்பு வரும்வரை அவள் தேய்த்தாள். மாட்டினார்கள். சமதரையில் ஓட்டிப் பார்த்தாள். முதல் தடவை வழுக்கியது. அப்புறம் கறகறவென்றது. அதற்கப்புறம் தொட்ட இடத்தில் நின்றது. போனாள், நிறுத்தினாள், திரும்ப வந்தாள், நிறுத்தினாள். பாண்டீஸ்வரன் உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் அவன் முன்னால் வந்து எஞ்சினை அணைத்தாள்.

"இன்னொருக்கா எறங்குறேன். கயிறு வேணாம். எண்ணெ தடவுனவன் நீதான, கயித்து எடத்துல நீயே நில்லு."

"ஏ பாவி மகளே!" என்று பிச்சையம்மாள் அலறினாள். "ரெண்டு பிள்ளையையும் ஒரே நாள்ல அள்ளிக் குடுக்கவா பெத்தேன்?"

பாண்டீஸ்வரன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். கன்னத்தில் முள் கீறிய கோட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. அவன் எழுந்து வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டினான். கல்லைத் தள்ளிவிட்டுக் கயிற்றை எடுத்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். கயிறு கிடந்த இடத்தில், ரோட்டுக்கு முதுகைக் காட்டி, மேட்டைப் பார்த்து நின்றான்.

"போ" என்றான்.

இந்தத் தடவை உச்சியிலிருந்து அவள் கடலையும் பார்க்கவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை. தோளில் கயிற்றோடு நிற்கிற ஆளை மட்டும் பார்த்தாள். இறங்கினாள். வண்டி வேகம் பிடித்தது. பாதிச் சரிவில் கியர் குறைத்தாள். இரண்டு விரல், பதமாக. முன் ஃபோர்க் அமுங்கியது. டிஸ்க் கவ்வியது. சரளை சடசடவென்று தெறித்தது. அண்ணன் பெரிதாகிக்கொண்டே வந்தான், அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பிடித்தாள், இன்னும் கொஞ்சம், பின்சக்கரம் லேசாகத் தூக்கிக்கொண்டு தொப்பென்று இறங்கியது. வண்டி நின்றது. முன் டயரின் முள் அவன் செருப்பின் நுனியை மிதித்துக்கொண்டிருந்தது.

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது, ஓட்டியவளைவிட நின்றவனுக்கு அதிகமாக.

"கண்ண மூடுனியா?" என்றாள்.

"மூடல."

"பொய்."

"அம்மா மேல சத்தியமா மூடல" என்றான். குனிந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான். அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. இவளும் அழுதாள், ஆனால் வண்டியை விட்டு இறங்கவில்லை.

தவ்ஃபீக் தயங்கித் தயங்கி வந்தான். "அப்ப வண்டிண்ணே?"

பாண்டீஸ்வரன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "எந்த வண்டி? அவ வண்டியா? அத அவகிட்டக் கேளு."

தவ்ஃபீக் அவளைப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் கேட்காமலேயே திரும்பிவிட்டான்.

மறுநாள் விடிகாலையில் வெளியே ஏதோ அரவம் கேட்டு பூமயில் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாண்டீஸ்வரன் கையில் ஆயில் துணியோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். டிஸ்க் மறுபடியும் சிவந்திருந்தது. அவன் கை அதைத் தொடாமல் முதுகுக்குப் பின்னால் போனது.

"இதுல எதுலதான் தடவலாம்?" என்றான்.

"செயின்ல மட்டும்."

அவன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து செயினைத் துடைக்க ஆரம்பித்தான். அவள் தன் தோள் துண்டை எடுத்து முன்சக்கரத்து டிஸ்க்கின் மேல் போர்த்தி, அவன் முடிக்கிறவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.